பாதிக் கூடு

தேனக்காவுக்குப் பெயரில் மட்டும்தான் தேன், வாயைத் திறந்தால் கொடுக்கு என்று அவள் தங்கையின் வீட்டுக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கே சாயங்காலம் அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு தேனீ இருந்தது. மனுஷன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூன்று மாடியையும் மூச்சு விடாமல் இறங்கி, பனியனோடு தெருவில் போய் நின்றார்.

"ஆண் தேனீ மாப்ள அது! கொடுக்கும் கிடையாது, வேலையும் கிடையாது. உங்க பையில இருந்தா சொந்தக்காரன் வீட்டுல இருக்கற மாதிரி இருக்குமேன்னு விட்டேன்" என்று மேலிருந்து கத்தினாள் தேனக்கா. தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறுநாள் ஆயிற்று.

இத்தனைக்கும் அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். பத்து மாடிக் கட்டடத்தின் குழிக்குள் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசிலடிப்பார். அப்படிப்பட்டவர் அரை அங்குலப் பூச்சிக்குப் பயந்தது தேனக்காவுக்கு வாழ்நாள் சொத்து மாதிரி. அலுப்பு வரும்போதெல்லாம் அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வாள்.

அவள் வேலை கூடு எடுப்பது. தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில், மின்சார மீட்டர்ப் பெட்டிக்குள், ஓடாத ஏசியின் முதுகில் என்று தேனீக்கள் எங்கே வீடு கட்டினாலும் ஆட்கள் முதலில் செய்வது அலறுவது. இரண்டாவது செய்வது தேனக்காவுக்குப் போன் போடுவது. அவள் நெருப்பு வைக்க மாட்டாள், மருந்து அடிக்க மாட்டாள். அவை அடங்கப் புகைக் குடுவையை இரண்டு தடவை அமுக்குவாள், தேனடையை ஒவ்வொன்றாக அறுத்து மரச்சட்டத்தில் நூலால் கட்டுவாள், ராணியைத் தேடிப் பிடித்துச் சின்னக் கம்பிக்கூண்டில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பாள். ராணி உள்ளே போனால் மற்றதெல்லாம் தானாக வரிசை கட்டி வரும். ஊருக்கு வெளியே பழத்தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் அந்தப் பெட்டிகளை வாங்கி மரத்தடியில் வைத்துக்கொள்வார்.

இந்த வேலையை அவள் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது, தங்கைக்கு ஒன்பது. கட்டடம் கட்டடமாகத் தண்ணீர்த் தொட்டி கழுவப் போனாள். ஒரு தொட்டி மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த குடித்தனம் அவள் முகத்துக்கு வந்துவிட்டது. பதினேழு கொட்டு. கண் இரண்டும் மூடிக்கொண்டன. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவள் வீக்கம் வடிந்ததும் மறுபடி போய்த் தொட்டிக்கு எதிரில் இரண்டு நாள் உட்கார்ந்து அவை எங்கே போகின்றன, எப்போது திரும்புகின்றன என்று பார்த்தாள். மூன்றாவது நாள் ஒரு அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தாள். டார்ச் பிடித்தது தங்கை. வெளிச்சம் ஊரெல்லாம் அலைந்தது.

அந்தத் தங்கைக்கு இப்போது கல்யாணமாகி, ஆறு வயதில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். வாண்டுக்கு மழை நாளில் மூச்சு இளைக்கும்; மார்பில் காது வைத்தால் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்கும். அதற்காகவே தேனக்கா புகை நாறும் வேலைத் துணிகளைப் படிக்கட்டிலேயே தொங்கவிட்டு, குளித்த பிறகுதான் குழந்தையைத் தொடுவாள். அக்கா, தங்கை, மாப்பிள்ளை, வாண்டு நான்கு பேரும் மூன்றாவது மாடியில், அப்பா விட்டுப்போன ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் இருந்தார்கள். நல்ல வெயிலும் காற்றும் வரும் வீடு. ஆனால் ஒருத்தர் புரண்டு படுத்தால் நான்கு பேரும் புரண்டாக வேண்டும். இப்போது தங்கை வயிற்றில் ஐந்தாவது ஆள் ஏழு மாதமாகக் காத்திருந்தது.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. வீட்டுச் சண்டை என்றால் "நீ வெளியே போ" என்று கேட்டிருப்பீர்கள். இது தலைகீழ்ச் சண்டை.

"நாங்க போறோம்க்கா. சலவைக் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்தாச்சு. ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு வண்டி சொல்லியாச்சு."

"அந்த ரூம் செவுத்துல கை வெச்சா ஈரம் உள்ளங்கைக்கு வருதுடி. வாண்டு மூச்சு என்ன ஆகும்? நீங்க இங்கயே இருங்க. நான் போறேன்."

"இது நீ தொட்டி கழுவிக் காப்பாத்தின வீடு. நீ எதுக்குப் போகணும்?"

"அப்ப நான் சொல்றத நீ கேக்கணும். நான்தான் போவேன்."

"நீ போனா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க."

"செத்தவளுக்கு எதுக்குடி ரூமு?"

கீழ்வீட்டில் ராத்திரி வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் பகலில்தான் தூங்குவார். அவர் படியேறி வந்து, தலைமுடி கலைந்த கோலத்தில் கும்பிட்டார். "யாராவது ஒருத்தர் போங்கம்மா. இல்ல, சொல்லுங்க, நான் போயிடறேன்."

மாப்பிள்ளை இந்தச் சண்டையில் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த விஷயம்: இரண்டு லிப்டுகள் எதிரெதிராக வரும்போது நடுவில் தலையை நீட்டக் கூடாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை தியானக் கூடத்திலிருந்து போன் வந்தது. பத்து நிமிட நடையில் இருக்கிற பெரிய கூடம். வாரா வாரம் அங்கே ஒருவர் பேசுவார். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். அன்றைய தலைப்பு, "இயற்கை கற்றுத்தரும் அன்பு". அன்று காலை இயற்கையே நேரில் வந்து, மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பலாப்பழ அளவுக்கு ஒரு தேனீக் கொத்து. பெட்டியின் எழுத்துகூடத் தெரியவில்லை.

தேனக்கா போனபோது தொண்டர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். ஐயா மட்டும் உள்ளே, நான்கு அடி தள்ளி, வெந்நீர்க் குவளையோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒன்றுக்காகவே தேனக்காவுக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"இவங்க எங்கேர்ந்தும்மா வந்தாங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துல எங்கயோ கூடு இருக்குங்க. அங்க புது ராணி பொறக்கப் போகுது. ஒரு கூட்டுக்கு ரெண்டு ராணி ஆகாது. அதனால பழைய ராணி கெளம்பிடும், பாதிக் கூட்டத்தோட. கட்டின வீடு, சேத்து வெச்ச தேனு, குஞ்சு குளுவான் அத்தனையும் சின்னவளுக்கு. இது போற வழியில இளைப்பாறுது. இப்பக் கொட்டாதுங்க. வயித்துல தேன் நிரப்பிக்கிட்டுதான் கெளம்பும். வயிறு நெறஞ்சிருந்தா யாருக்குக் கோவம் வரும்?"

பேசிக்கொண்டே தான் கொண்டுவந்த மரப்பெட்டியைக் கீழே பிடித்து, இன்னொரு கையால் கொத்தை மெல்ல வழித்துவிட்டாள். அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, காத்திருப்பது. வீடு பார்க்கப் போன தேனீக்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பி வரும். அவை வந்து சேராமல் பெட்டியை மூடினால் அவை அனாதை. ஆகவே பெட்டியைப் பின்பக்க நடையில் வைத்துவிட்டு அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் பேச்சையும் கேட்டாள்.

ஐயாவின் குரல் ஆறின பால் மாதிரி. எறும்புகளிடம் சண்டையே இல்லை என்றார். தேனக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டு ஜன்னல் கட்டையில் இரண்டு எறும்புக் கூட்டங்கள் நான்கு நாளாக ஒன்றையொன்று கால் வேறு கை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தன. மரங்கள் பக்கத்து மரத்துக்கு வழிவிடும் என்றார். பழத்தோட்டத்தில் பெரிய மரத்தடியில் வெயில் கிடைக்காமல் வெளிறிப்போன கன்றுகளை இவர் பார்த்ததில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். 'நல்ல மனுஷன். ஆனா தோட்டத்துப் பக்கம் போனதில்ல.'

அப்புறம் அவர் சொன்னார். "இன்று காலை இந்தக் கூடத்துக்கு ஒரு ராணி வந்தாள். தான் கட்டிய அரண்மனையை இளையவளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். நம்மில் எத்தனை பேரால் முடியும்?"

நடையில் உட்கார்ந்திருந்த தேனக்கா நிமிர்ந்தாள். அது அவள் காலையில் சொன்னதுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தபோது அது வெறும் பூச்சி விஷயம். ஒலிபெருக்கி வழியாக வந்தபோது, யாரோ அவள் வீட்டு முகவரி போட்டு அனுப்பிய கடிதம் மாதிரி இருந்தது. இருபது வருஷமாக எத்தனை ராணிகளைக் கையில் பிடித்திருக்கிறாள்! ஒன்றுகூடப் போகலாமா வேண்டாமா என்று தங்கையோடு கத்திக்கொண்டிருக்கவில்லை. கிளம்பிவிட்டது.

இப்படித்தான் தான் சொன்ன கதையில் தானே விழுந்தாள் தேனக்கா.

கூட்டம் கலைந்ததும் ஐயாவிடம் போய் மொட்டைமாடி அறையைக் கேட்டாள். பழைய நாற்காலிகள் போட்டிருந்த அறை. கூடத்தைப் பெருக்கி, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்குச் சந்தோஷம். "தனிமை ரொம்ப நல்லதும்மா. விட்டுட்டு வந்தா மனசு லேசாகும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் தங்கை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போன நேரம் பார்த்து, தேனக்கா இரண்டு செட் துணி, புகைக் குடுவை, முகவலை, தூரிகை, ஒரு டம்ளர் இவற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாண்டுவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி அடுப்படியில் வைத்தாள்:

'நான் போறேன். நல்ல இடம்தான். தேட வேண்டாம். வீட்டை விட்டு வேறு யாரும் போகக் கூடாது. பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். மூடி கிடைக்கவில்லை. பூனை வரும், உடனே பார்க்கவும்.'

பெரிய தியாகம் செய்கிறவர்கள் பால் மூடியைப் பற்றி எழுதலாமா என்று அவளுக்கே ஒரு சந்தேகம். ஆனால் பூனை நிஜம்.

மொட்டைமாடி அறையில் காற்று ஜோராக வந்தது. மற்றதெல்லாம் சுமார்தான். கூடத்து அடுப்பில் டீ போட்டால் நான்கு பேருக்கான அளவு கைக்கு வந்துவிடும். மிச்ச மூன்று டம்ளரையும் தானே குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். யாரையாவது சீண்ட நாக்கு நமநமவென்றது. செடிகளை ஒன்றிரண்டு தடவை திட்டிப் பார்த்தாள். அவை பதில் பேசாததால் அதில் ருசி இல்லை. புதன்கிழமை ஒரு மீட்டர்ப் பெட்டிக் கூட்டை எடுத்துவிட்டு வரும்போது பாக்கெட்டில் ஒரு ஆண் தேனீயைப் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள், பழக்க தோஷம். மாடி ஏறின பிறகுதான் அதை வைக்க மாப்பிள்ளையின் சட்டைப் பை இங்கே இல்லை என்று உறைத்தது. கைப்பிடிச் சுவரில் விட்டாள். அது கொஞ்ச நேரம் மேலும் கீழும் நடந்துவிட்டுப் பறந்துபோனது.

அன்று ஐயாவை வழிமறித்துக் கேட்டாள். "ஐயா, விட்டுட்டு வந்தா மனசு லேசாகும்னு சொன்னீங்கல்ல. அது எத்தனாவது நாள்லேர்ந்து?"

ஐயா வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிம்மா."

"சுமாரா சொல்லுங்க. எனக்கு இன்னும் கனக்குது."

"தெரியலம்மா" என்றார் ஐயா. நல்ல மனுஷன் என்பதால் தெரிந்ததுபோல நடிக்கவில்லை.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்து நின்றார், கையெல்லாம் கிரீஸ். லிப்ட் மெஷின் அறைகள் எப்போதும் கட்டடத்தின் உச்சியில்தான் இருக்கும். அப்படி ஓர் உச்சியில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர், தூரத்துக் கூரையில் கொடிக்கம்பியில் காய்ந்த வெள்ளை முகவலையைப் பார்த்துவிட்டாராம்.

"உங்கள மாதிரி ஒளிஞ்சுக்கறவங்கள நான் பாத்ததில்லக்கா. கொடியே ஏத்திட்டீங்க."

"அவளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு தெரியல. அவ மூணு நாளா யாரோடயும் சரியாப் பேசறதில்ல. நீங்க படுக்கற எடத்துல வாண்டுவக்கூட உக்கார விடல. காலியாவே கெடக்கு. சலவைக்கடை ரூமுக்கு சாவி வாங்கிட்டா."

தேனக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "எதுக்கு? அதான் நான் வந்துட்டேனே! அங்க நீங்க இருக்கணும்னுதானே வந்தேன்!"

"அக்கா இல்லாத வீட்டுல நான் எதுக்கு இருக்கணும்ங்கறா. ஞாயித்துக்கெழமை வண்டி வருது. நீங்களும் போயாச்சு, நாங்களும் போறோம். அப்பறம் அந்த வீட்டுல யாருக்கா இருக்கறது? உங்க பூனையா?" அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நேத்து அந்த ரூமப் பாக்க வாண்டுவக் கூட்டிட்டுப் போனோம். அரை மணி நேரந்தான் இருந்தோம். ராத்திரிக்குள்ள இளைப்பு வந்துருச்சு."

அவர் போன பிறகு தேனக்கா நாற்காலிக் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். தான் கொடுத்த வீட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. யாருக்காக விட்டுவிட்டு வந்தாளோ அந்த மூச்சுக்குத்தான் இப்போது ஆபத்து.

திரும்பிப் போய்விடலாம். போனால் என்ன ஆகும்? பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஐந்து பேர், ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை வண்டி எப்படியும் வரும். போகாமல் இருந்தால்? அப்போதும் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாண்டு அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கீழே இறங்குவதற்குள் படிக்கட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறுத்தம். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு தங்கை ஏறி வந்தாள், பின்னால் மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிப்பதற்கு. அவர் ஒருநாள்கூட வாயை மூடி வைத்திருக்கவில்லை என்று தெரிந்தது.

"ஏண்டி படியேறுன? கூப்பிட்டா நான் வரமாட்டனா?"

"கூப்பிடறதுக்கா எழுதி வெச்சுட்டு வந்த? தேடாதேன்னுல்ல எழுதியிருந்த!" தங்கை ஒரு பழைய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, அப்புறம்தான் ஆரம்பித்தாள். "எதுக்குக்கா இப்படிப் பண்ணின?"

தேனக்கா சொன்னாள். ஐயா பேசியது, பழைய ராணி, கட்டின வீட்டைச் சின்னவளுக்கு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது எல்லாவற்றையும் சொன்னாள். ஐயாவின் குரல் அவளுக்கு வரவில்லை. பாதியிலேயே கேட்க அசடாக இருந்தது.

தங்கை அவளையே பார்த்தாள். "இத யார் சொன்னது?"

"ஐயாதான்."

"அவருக்கு யார் சொன்னது?"

"...நான்தான்."

"அன்னிக்கு ஸ்பீக்கர்ல தொங்குனது என்னக்கா? ஒரு ராணியா? உன் கையால அள்ளுனியே, எத்தன இருந்துச்சு?"

தேனக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"பத்தாயிரமா, பதினஞ்சாயிரமா? டார்ச் பிடிச்சவடி நானு. எனக்கே கத சொல்றியா? கெழட்டு ராணி என்னிக்குத் தனியாப் போயிருக்கு? பாதிக் கூடு கூடப் போகும். வயிறு நெறையக் குடுத்து அனுப்பும். இது தனியாப் போனா அதுக்கு ஊட்டக்கூட ஆளிருக்காது, மறுநாளே செத்துப்போயிடும்னு எனக்கு யாரு சொன்னா? ஒம்பது வயசுல நான் அழுதேன்ல, ராணி பாவம்னு? அப்ப நீதானே சொன்ன, அது பாவம் இல்லடி, அதுகூட எத்தன பேரு பாருன்னு!"

கோபத்தில் அக்காவை "டி" போட்டது தங்கைக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் கவனித்து, பார்வையைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேனக்காவுக்கு அந்தக் காலை முழுசாகத் திரும்பி வந்தது. பாதிக் கூட்டத்தோடு என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஐயா மேடையில் அதை விட்டுவிட்டார். விட்டதும் கதை நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் அவளும் கேட்கவில்லை. இருபது வருஷமாகக் கை நிறைய அள்ளியவள், அந்தக் கையையே மறந்துபோய்விட்டாள்.

"நீ தொட்டி கழுவி என்னப் படிக்க வெச்ச. கல்யாணம் பண்ணி வெச்ச. இப்ப வீட்டையும் குடுத்துட்டுப் போற." தங்கையின் குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்தையும் நீயே குடுத்துட்டா நான் எதக்கா குடுக்கறது? வாங்கிக்கிட்டே இருக்கறவளுக்கு எவ்வளவு கூச்சமா இருக்கும்னு உனக்குத் தெரியுமா? அந்த ஈர ரூமுக்கு நான் ஏன் சாவி வாங்குனேன்னு நெனக்கற? எனக்கும் ஒரு தடவையாவது குடுக்கணும்ல!"

தேனக்கா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாமல் இருந்தது மாப்பிள்ளைக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவர் பயந்துபோய், "தண்ணி வேணுமாக்கா?" என்றார்.

"சரி" என்றாள் தேனக்கா கடைசியில். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குடு."

"என்னத்த?"

"பாதியக் குடு. வாங்கிக்கறேன். அந்தச் சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடைக்குப் போகச் சொல்லியிருந்த வண்டி தியானக் கூடத்து வாசலில் வந்து நின்றது. தங்கை மேலே ஏறவில்லை. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஆணையிட்டாள். எட்டுத் தட்டில் நான்கு. ஆறு போர்வையில் மூன்று. தலையணை ஐந்து இருந்ததால் சண்டை வந்து, மூன்றாவதும் மேலே போயிற்று. சாமான்களைத் தூக்கித் தூக்கி மாப்பிள்ளைக்கு இடுப்பு கழன்றது.

"ஆயுசு பூரா லிப்ட் ரிப்பேர் பண்றேன். எனக்கு வாச்ச ரெண்டு வீட்டுலயும் லிப்ட் இல்ல" என்றார் நான்காவது நடையில். "அது போகட்டும். நான் எந்தப் பாதிக்கா?"

"ஆண் தேனீ எந்தப் பாதியிலயும் சேத்தி இல்ல மாப்ள. ஆனா சோறு ரெண்டு எடத்துலயும் போடுவோம்."

தேனக்காவுக்குப் படுக்க மேலே இடம். சாப்பாடு பத்து நிமிடம் தள்ளி, பழைய வீட்டில். வாண்டு பள்ளிக்கூடம் விட்டால் நேரே மொட்டைமாடிக்கு. அங்கே காற்று அவளுக்கு நல்லது, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் ஆயிற்று. குழந்தை பிறந்த பிறகு முதல் மூன்று மாதம் தேனக்கா பழைய வீட்டிலும் மாப்பிள்ளையும் வாண்டும் மேலேயும் என்று தங்கை ஒரு திட்டம் வைத்திருந்தாள். அது சரிப்படுமா என்று யாருக்கும் தெரியாது. இடத்தை அளந்து பார்த்தால் இப்போதும் நெருக்கம்தான்.

அன்று சாயங்காலம் கீழே மௌன வகுப்பு. மேலே வாண்டு சுருட்டிய மெத்தையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். நான்காவது குதிக்கு ஐயா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு படியேறி வந்தார். வந்தவர் அறையைப் பார்த்தார். நாற்காலிகள் போன இடத்தில் தட்டுகள், போர்வைகள், இறைத்துப்போட்ட செருப்புகள்.

"தனியா இருக்கத்தானே ரூம் கேட்டீங்கம்மா" என்றார்.

"பேச்சுல ஒரு வரிய விட்டுட்டீங்க ஐயா" என்றாள் தேனக்கா. "பாதிக் கூட்டத்தோடன்னு சொன்னேன்ல. அது இல்லாம அந்த ராணி ஒருநாள் தாங்காது."

ஐயா நின்று யோசித்தார். முகம் சிவந்துதான் போனது. "ஆமாம்மா. சொன்னீங்க. அது இருந்தா கேக்கறவங்களுக்குத் தியாகம் கொஞ்சம் கொறைவாப் பட்டுடும்னு நெனச்சேன்." அப்புறம் மெல்லக் கேட்டார், "கொறைவா?"

"தெரியலீங்க. ஆனா குடுக்கறது சுலபமா இருந்துச்சு. வாங்கிக்கத்தான் இடுப்பு ஒடியுது."

"அது எனக்குக்கா!" என்றார் மாப்பிள்ளை மூலையிலிருந்து.

கீழேயிருந்து தங்கையின் குரல் வந்தது. மௌன வகுப்பு நடக்கிற இடம் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. "அக்கா! நாங்க கெளம்பறோம். ஏழு மணிக்கு சாப்பாடு. வரலேன்னா நான் மறுபடி படியேறி வருவேன், பாத்துக்க!"

செய்கிறவள்தான் அவள். தேனக்கா ஆறே முக்காலுக்கே அந்த வீட்டு வாசலில் நின்றாள், கையை வீசிக்கொண்டு. ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று வழியில் இரண்டு கடை முன்னால் நின்றுபார்த்தாள். அப்புறம் வேண்டாம் என்று வந்துவிட்டாள்.